கை நோகாத கீபோர்டு எது? தமிழில் டைப் அடிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஆன்லைன் கடையில் கீபோர்டு என்று தேடினால் வந்து விழும் சொற்கள் கொஞ்சநஞ்சமல்ல. ரெட் சுவிட்ச், ப்ளூ சுவிட்ச், ஹாட்ஸ்வாப், 65 சதவீதம், லோ ப்ரொஃபைல், பிபிடி கீகேப். விலையும் சில நூறு ரூபாயில் தொடங்கி ஐந்து இலக்கம் வரை போகிறது. நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிற மொழிபெயர்ப்பாளரோ உதவி ஆசிரியரோ டிடிபி செய்பவரோ இதில் எதைப் பார்த்து வாங்குவது? வீடியோவில் விளக்கம் தேடினால் அது பெரும்பாலும் கேம் ஆடுகிறவர்களுக்கானது. மிஞ்சியது ஆங்கிலம் அடிப்பவர்களுக்கானது.

தமிழ் அடிக்கும்போது விரல்களுக்கு விழும் வேலை வேறு. எந்தத் தட்டச்சு முறையில் அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதுவும் மாறுகிறது. ஆகவே ஆங்கில விமர்சகர் ஒருவர் "அருமை" என்று சொன்ன கீபோர்டு உங்கள் சுண்டுவிரலுக்கு எமனாக அமையலாம். எப்படி என்று பார்ப்பதற்கு முன் கையிலிருந்து தொடங்கவேண்டும்.

மணிக்கட்டுக்குள் ஓடும் கயிறுகள்

விரலை மடக்கும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு போல மணிக்கட்டைக் கடந்து விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டின் உட்புறம் எலும்புகளும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து ஒரு குறுகிய வழியை அமைத்திருக்கின்றன. மருத்துவர்கள் அதைக் கார்ப்பல் டனல் என்பார்கள். விரல் மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அந்தச் சந்துக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன.

கிணற்றுக் கப்பியில் கயிறு நடுவில் ஓடும்வரை தொல்லையில்லை. ஓரத்துக்கு ஒதுங்கினால் உரசத் தொடங்கிவிடும். கையிலும் அப்படியே. முன்கையும் புறங்கையும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தால் தசைநாண்கள் சுளுவாக ஓடும். சாதாரண கீபோர்டு அந்த நேர்கோட்டை மூன்று விதமாகக் கெடுக்கிறது.

1. புறங்கை மேல்நோக்கி மடங்குவது. கீபோர்டு உயரமாக இருந்தாலோ அதன் பின்பக்கம் தூக்கியிருந்தாலோ இது நடக்கும். மூன்றில் அதிகம் கவனிக்கவேண்டியது இதுதான். கைக்காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடியதும் இதுதான்.

2. கை சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வது. தோள்கள் அகலம், எழுத்து விசைகளோ நடுவில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் குவிந்திருக்கின்றன. இரண்டு முன்கைகளும் உள்நோக்கிச் சரிந்து வர, விரல்களை நேராக நிறுத்த மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்புகிறது.

3. முன்கை முறுகுவது. உள்ளங்கை முழுக்கத் தரையைப் பார்க்கும்படி வைத்தால் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு நிற்கும். கை குலுக்குவது போல லேசாகச் சாய்த்து வைத்தால்தான் முன்கைக்கு ஓய்வு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். கீபோர்டுதான் கார்ப்பல் டனல் நோயைக் கொண்டுவருகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம் போன்றவையும் அதற்கு வழிவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் சந்தேகம் மீடியன் நரம்பின் மேல். சுண்டுவிரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றும் பழக்கத்தால்கூட அது வரும். இரண்டில் எதுவானாலும் போகவேண்டிய இடம் மருத்துவரிடம். புதுக் கீபோர்டு வாங்கி மரத்துப்போனதைக் குணப்படுத்த முடியாது.

முதல் கணக்கு மேசையில்

பிளாஸ்டிக் நாற்காலியும் சாப்பாட்டு மேசையும்தான் நம் வீடுகளில் அலுவலகம். நாற்காலியின் உட்காரும் பரப்பு தரையிலிருந்து 43 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்தபின் இருக்கையிலிருந்து முழங்கை வரை பெரும்பாலோருக்கு 20 முதல் 25 செ.மீ. இருக்கும், 23 என்று எடுப்போம். ஆக முழங்கை இருப்பது தரையிலிருந்து 66 செ.மீ. உயரத்தில். மேசையின் உயரமோ 75 செ.மீ. அதன் மேல் ஒரு தடித்த மெக்கானிக்கல் கீபோர்டு வைத்தால் இன்னும் 3 செ.மீ. விரல் தட்டும் இடம் முழங்கையைவிட 12 செ.மீ. மேலே போய்விட்டது. தோளைத் தூக்கிக்கொண்டு அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு அடிக்கவேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த சுவிட்ச் போட்டாலும் இந்த 12 செ.மீ. போகாது.

போக்குவதற்கு வழி எளிது. இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உடம்பை உயர்த்தலாம். கால் தொங்காமல் இருக்க அடியில் ஒரு மணைப்பலகை. மேசைக்கு அடியில் பொருத்தும் இழுப்புத் தட்டு இருந்தால் இன்னும் நல்லது. இவை எதுவும் முடியாதென்றால் மட்டும் மெலிந்த கீபோர்டைத் தேடுங்கள். லோ ப்ரொஃபைல் என்று விற்பது இதைத்தான். ஒன்று, ஒன்றரை செ.மீ. குறையும்.

கீபோர்டுக்கு அடியில் பின்பக்கம் மடித்து நிமிர்த்தும் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். வாங்கிய அன்றே அவற்றை நிமிர்த்தி வைப்பது நம்மில் பலருக்கு ஒரு சடங்கு. விசைகளின் மேலுள்ள எழுத்து நன்றாகத் தெரிவதைத் தவிர அதனால் வேறு பயனில்லை. மணிக்கட்டு மடங்குவதுதான் கூடும். பார்க்காமல் அடிப்பவர் என்றால் கால்களை மடித்தே வையுங்கள்.

லேப்டாப்பில் இந்தக் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கழுத்துக்குச் சரியாக வைத்தால் கை தூக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எழுதுகிறவர் லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றிவிட்டு, தனியாக ஒரு கீபோர்டை, எந்தக் கீபோர்டானாலும் சரி, இணைத்துக்கொள்வது நல்லது.

விசைக்கு அடியில் என்ன நடக்கிறது

விளம்பரங்களில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பகுதி இது. மூன்று வகை தெரிந்தால் போதும்.

மெம்பிரேன் வகையில் விசைகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கும். குமிழ் அமுங்கி அடித்தட்டைத் தொட்டால்தான் எழுத்து விழும். அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் கடைசி வரை போயாகவேண்டும். சில ஆண்டுகளில் ரப்பர் இறுகி, சில விசைகள் கெட்டியாகவும் சில தொளதொளவென்றும் ஆகிவிடும்.

சிசர் வகை லேப்டாப்பில் வருவது. கத்தரிக்கோல் போலக் குறுக்காக மடங்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் விசையைத் தாங்கும். கீழிறங்கும் தூரம் 1 முதல் 1.5 மி.மீ. அளவுக்குத்தான். மெலிதாக்கும் ஆசையில் ஆப்பிள் நிறுவனம் 2015-இல் பட்டர்ஃபிளை என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. விசை அரை மி.மீ. அளவுக்கே இறங்கியது. தூசி போனாலே விசைகள் மக்கர் செய்கின்றன என்று புகார்கள் குவிய, 2019-இல் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் தொடங்கி 1 மி.மீ. இறங்கும் சிசருக்கே திரும்பினார்கள்.

மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுவிட்ச்; உள்ளே ஒரு சுருள்வில். இன்று எல்லோரும் அளவுகோலாகக் கொள்ளும் செர்ரி எம்எக்ஸ் சுவிட்ச் 1980-களில் வந்தது. அதன் சிவப்பு வகையை எடுத்துக்கொண்டால் விசை மொத்தம் 4 மி.மீ. இறங்கும், ஆனால் 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். பழகிய விரல் அடித்தட்டில் மோதாமல் பாதி வழியிலேயே திரும்பிவிடலாம். மெக்கானிக்கலில் விரல் வலி குறைவு என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் இயக்கம் இவ்வளவுதான். பழகாத விரலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

நிறங்களின் கதை இது: சிவப்பு என்றால் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பழுப்பு என்றால் நடுவில் ஒரு சின்ன மேடு. எழுத்து விழுந்ததை விரல் உணரும். நீலம் என்றால் மேட்டோடு 'டக்' என்று சத்தமும் வரும், அழுத்தமும் சற்றுக் கூடுதல். மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் இதே நிறப் பெயர்களைப் பின்பற்றுகின்றன, ஆனால் தேவைப்படும் அழுத்தம் மாறும். நிறத்தைப் பார்ப்பதைவிடக் கிராம் கணக்கைப் பார்ப்பது மேல்.

நீலத்தின் சத்தம் நமக்குப் புதிதல்ல. சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் 'கோல்ட்' கீபோர்டில் பல ஆண்டுகள் செர்ரியின் நீலச் சுவிட்ச்தான் இருந்தது. பில் போடும் கவுன்டர்களிலும் டிடிபி கடைகளிலும் கேட்ட அந்தப் படபடப்பு அதிலிருந்து வந்தது. 'மெக்கானிக்கல்' என்ற சொல் இங்கே பிரபலமாகும் முன்பே நம் ஆட்கள் மெக்கானிக்கலில்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு அழுத்தம் நல்லது? ஐஎஸ்ஓ 9241 தரநிலை விரும்பத்தக்கதாகச் சொல்வது 0.5 முதல் 0.8 நியூட்டன், தோராயமாக 50 முதல் 80 கிராம். இறங்கும் தூரம் 2 முதல் 4 மி.மீ. ஆனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டாம். தேவைப்படுவதைப் போலப் பலமடங்கு பலத்தோடு அடிப்பது மனித இயல்பு. மென்மையான சுவிட்ச் வாங்கியும் அடித்தட்டில் மோதிக்கொண்டே இருந்தால் அந்த அதிர்ச்சி விரல் மூட்டுக்குத்தான்.

இதில் ஒரு கூட்டத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள். இரும்புக் கம்பியை மேலே எறிந்து ரிப்பனில் மோதவைத்த பழக்கம் விரலில் ஊறிப்போயிருக்கும். இவர்களுக்குச் சிவப்பு ஒத்துக்கொள்ளாது என்பது என் எண்ணம். விரல் ஓய்வாக வைத்திருக்கும்போதே எழுத்து விழும், பிழை பெருகும், பேக்ஸ்பேஸ் அடித்தே கை நோகும். மேடுள்ள, 55 கிராமுக்கு மேற்பட்ட சுவிட்ச் அவர்கள் கைக்குப் பொருந்தும்.

தமிழ் அடிக்கும்போது உழைப்பது எந்த விரல்?

சரி, இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். தமிழ்99 என்ற விசை அமைப்பை 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில். க-வை இரண்டு முறை தட்டினால் தானாக 'க்க' ஆகும். ந, த என்று அடுத்தடுத்துத் தட்டினால் 'ந்த' ஆகும். புள்ளி வைக்கும் வேலை மிச்சம். கீபோர்டில் கையால் தடவி இடம் அறிவதற்காக இரண்டு விசைகளில் சின்ன மேடு இருக்குமே, தமிழ்99-இல் அவை ஃ-உம் ப-வும்.

தமிழில் மெய்கள் அதிகம் என்பதால் வலக்கைக்கு இடம் போதவில்லை. ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகள் இருக்கும் ஓர விசைகளிலும் எழுத்துகளை வைக்கவேண்டி வந்தது. அரைப்புள்ளி விசையில் ந. அதற்கு அடுத்த மேற்கோள்குறி விசையில் ய. மேல்வரிசையில் இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளில் ச-வும் ஞ-வும். கீழ்வரிசைச் சாய்கோட்டில் ழ. இவற்றோடு, ஆங்கிலத்தில் பி (P) இருக்கும் இடத்தில் ண. இந்த ஆறும் வலது சுண்டுவிரலின் பொறுப்பு. என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிப்ட் ஆகியவையும் அதன் தலையில்தான்.

ஒரு வாக்கியத்தை எண்ணிப் பார்க்கலாம். "நான் நேற்று சென்னையிலிருந்து வந்தேன்." இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் விட்டுவிட்டால் தமிழ்99-இல் 29 தட்டல். அதில் வலக்கை 16. விரல்வாரியாகப் பிரித்தால் வலது சுண்டுவிரல் 6, நடுவிரல் 4, ஆள்காட்டி விரல் 4, மோதிர விரல் 2. கையிலேயே பலம் குறைந்த விரல் வலக்கையின் மற்ற விரல்கள் எல்லாவற்றையும்விட அதிகம் உழைத்திருக்கிறது. அதிலும் 'சென்னை'யின் ச-வுக்கு மேலேயும் வலப்பக்கமும் ஒருசேர எட்டவேண்டும்.

வசதிக்காக ந நிறைந்த வாக்கியமாக எடுத்தேன் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். "அம்மா கடைக்குப் போயிருக்கிறார்" என்று அடித்தால் 25 தட்டலில் வலது சுண்டுவிரலுக்கு விழுவது ஒரே ஒரு ய. தமிழ்99-இல் சுண்டுவிரல் வேலை நீங்கள் எழுதும் பொருளைப் பொறுத்து ஏறும், இறங்கும். 'நான்', 'நாம்', 'இருந்தது', 'செய்தார்', 'சொன்னார்' என்று ஓடும் உரைநடையில் ஏறிக்கொண்டேதான் போகும்.

ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் போனடிக் முறையில் நிலைமை தலைகீழ். அகரத்துக்கெல்லாம் ஆங்கில 'ஏ' விசையைத் தட்டவேண்டும். அது இடது சுண்டுவிரலின் கீழ். அதே "அம்மா கடைக்குப் போயிருக்கிறார்" போனடிக்கில் 28 தட்டல்; அதில் 7 இடது சுண்டுவிரலில். நான்கில் ஒன்று. ற, ண, ள போன்றவற்றுக்கு ஷிப்டும் சேர்கிறது. அதையும் பிடிப்பது ஏதாவது ஒரு சுண்டுவிரல்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலான பாமினி என்ற விசை அமைப்பில் புள்ளியே அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. 'நாங்கள்' என்று அடிக்க 7 தட்டல். இரண்டு புள்ளிகளும் வலது சுண்டுவிரலுக்கு. தமிழில் புள்ளி இல்லாத வரி ஏது?

ஆக, வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: நான் எந்த முறையில் அடிக்கிறேன், என் எந்தச் சுண்டுவிரல் சுமை தூக்குகிறது? இதற்கு விடை தெரிந்தால் அடுத்து வரும் அளவுப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

சதவீதக் கணக்கும் காணாமல்போகும் ச-வும்

விசைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம் முழு அளவுக் கீபோர்டுகளில் 19 மி.மீ. அளவில் இருக்கும். சதவீதம் என்று சொல்வது விசைகளைச் சுருக்குவதை அல்ல, சில விசைகளை விட்டுவிடுவதை.

1. முழு அளவு: பொதுவாக 104 விசைகள், அகலம் 44 செ.மீ. அளவு. வலப்பக்க எண் பலகை இருப்பதால் மவுஸ் தூரமாகத் தள்ளிப்போகும். தோள் வலியில் இதற்குப் பங்குண்டு. கணக்கு வேலை செய்பவருக்கு மட்டும் இது தேவை.

2. எண் பலகை இல்லாதது: 87 விசைகள். மவுஸ் எட்டு செ.மீ. அளவு பக்கத்தில் வருகிறது. எழுத்து வேலைக்கு நான் கைகாட்டுவது இதையோ, ஏறக்குறைய இதே விசைகளை நெருக்கி அடுக்கிய 75 சதவீதத்தையோதான்.

3. 65, 60 சதவீதம்: எழுத்துப் பகுதி அப்படியே இருக்கும், ந-வும் ச-வும் பத்திரம். 60-இல் அம்புக்குறி விசைகள் போய்விடும். வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு அடிக்கவேண்டும். மெய்ப்புத் திருத்துகிறவருக்கு இது நரகம். 65-இல் அம்புக்குறிகளுக்கு இடம் கொடுத்து வலது ஷிப்டைக் குட்டையாக்கியிருப்பார்கள், போனடிக்காரர்கள் கவனிக்கவேண்டும்.

4. அதற்கும் சிறியவை: தமிழ்99-காரர்கள் இங்கே நின்று யோசிக்கவேண்டும். கோர்ன் என்ற பெயரில் புகழ்பெற்ற 42 விசைப் பிளந்த கீபோர்டில் கைக்கு ஆறு பத்திகள்தான். அரைப்புள்ளியும் மேற்கோள்குறியும் உள்ளே அடங்கும். சதுர அடைப்புக்குறிகளுக்கு இடமில்லை. ஆங்கிலம் அடிப்பவருக்கு அது எப்போதாவது தேவைப்படும் குறி, இன்னொரு அடுக்கில், அதாவது வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு அடிக்கும்படி, ஒளித்துவைத்தால் நட்டமில்லை. தமிழ்99-காரருக்கு ஒளிந்துபோவது ச.

டேப்லெட்டுக்கென்று விற்கும் மடிப்பு புளூடூத் கீபோர்டுகளிலும் இதே வினை. அகலம் போதாதபோது அவர்கள் கை வைப்பது வலது ஓரத்தில்தான். அரையகல விசையாக ய-வும் ச-வும் நசுங்கிக் கிடக்கும். படத்தைப் பெரிதாக்கி அந்த மூலையைப் பாருங்கள்; மற்ற இடத்தைப் பார்க்கவே வேண்டாம்.

ஐரோப்பாவில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே பரவலான அமைப்பில் என்டர் விசை உயரமாக இருக்கும்; அதற்கும் மேற்கோள்குறி விசைக்கும் இடையில் இன்னொரு விசை வந்து என்டரைத் தள்ளிவைக்கும். இடது ஷிப்டும் பாதியாகிவிடும். தமிழ்99-க்கு என்டர் சற்று எட்டாக்கை. போனடிக்குக்கு இடது ஷிப்ட் எட்டாக்கை. முடிந்தால் அமெரிக்க அமைப்பில் வாங்குவது நல்லது.

பிளந்த கீபோர்டு தேவையா?

இடக்கைக்கும் வலக்கைக்கும் கீபோர்டை இரண்டாகப் பிரிக்கும் யோசனை புதிதல்ல. ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் 1926-லேயே எழுதிவைத்தார். குரோமர் என்ற ஆய்வாளர் 1972-இல் சோதித்துப் பார்த்தார். பொதுமக்கள் கைக்கு அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது 1994-இல் வந்த மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் கீபோர்டு. முன்பு சொன்ன மூன்று கோணல்களில் இரண்டாவதை இது நேர்செய்கிறது. நடுப்பகுதி கூரை போல உயர்ந்திருந்தால் மூன்றாவதையும் சேர்த்து. முதலாவதுக்கு மேசை உயரம்தான் மருந்து.

ஆனால் பார்க்காமல் அடிக்கத் தெரியாதவர் இதில் பணத்தைப் போடவேண்டாம். நான்கு விரலால் இரண்டு பக்கமும் தாவி அடிப்பவருக்குப் பிளவு ஒரு பள்ளம். நன்றாக அடிப்பவருக்கும் ஓரிடம் இடறும்: ங இருக்கும் விசை, ஆங்கிலத்தில் B. பயிற்சிப்படி அது இடக்கையின் ஆள்காட்டி விரலுக்கு. பிளந்த கீபோர்டிலும் இடப்பக்கத்தில்தான் வைப்பார்கள். 'ங்க'வில் ங-வையும் க-வையும் வலக்கையாலேயே அடித்துப் பழகியவர்கள் நம்மிடையே ஏராளம். 'எங்கள்', 'உங்கள்', 'நாங்கள்' என்று வரும்போதெல்லாம் விரல் வெறுங்காற்றில் குத்தும். ஆலிஸ் என்று சொல்லப்படும் வளைந்த வடிவங்கள் சிலவற்றில் அந்த விசையை இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நமக்காகவே செய்தது போல இருக்கிறது.

மற்றவை, சுருக்கமாக

கீகேப், அதாவது விசையின் மேல்மூடி, பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்தது என்றால் வழவழப்பாக நாளாகும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் மினுங்கி வழுக்கும். வியர்க்கும் ஊரில் இது கொஞ்சம் முக்கியம். வண்ண விளக்கு எழுத்துக்கு உதவாது. ஒயர் இருக்கிறதா இல்லையா என்பது டைப் அடிப்பதில் தெரியவே தெரியாது. தமிழ் எழுத்து ஸ்டிக்கர் பழகும்வரை சரி. ஆறு மாதத்தில் ஓரம் சுருண்டு விரலில் ஒட்டும். மணிக்கட்டு மெத்தை என்று விற்பதில் மணிக்கட்டை வைக்கக்கூடாது. அடிப்பதற்கு இடையில் நிறுத்தும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்கலாம். அப்புறம் சத்தம்: ஒரே அறையில் குழந்தை தூங்கும் வீடென்றால் நீலத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

வாங்குகிற வரிசை

1. இருக்கிற கீபோர்டிலேயே உயரத்தைச் சரிசெய்து, கால்களை மடித்து, ஒரு வாரம் அடியுங்கள். பாதிப்பேருக்கு இங்கேயே தேவை தீர்ந்துவிட வாய்ப்புண்டு.

2. உங்கள் எழுத்திலிருந்தே ஒரு பத்தியை எடுத்து, மேலே செய்தது போல விரல்வாரியாக எண்ணுங்கள். எந்த ஓரம் முக்கியம் என்று தெரிந்துவிடும்.

3. அந்த ஓரத்து விசைகள் முழு அகலத்தில், வழக்கமான இடத்தில் இருக்கும் கீபோர்டுகளை மட்டும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கடையில் அடித்துப் பார்க்க விட்டால் ஆங்கிலம் அடிக்காதீர்கள். செல்பேசியை இணைக்க முடிந்தால் தமிழை வைத்து அதே பத்தியை அடியுங்கள். முடியாவிட்டாலும் விரலுக்கு இடம் தெரியுமே, திரையில் என்ன வந்தாலும் பரவாயில்லை. முதல் நிமிடத்தில் எல்லாக் கீபோர்டும் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிடத்தில் சுண்டுவிரல் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

5. இரண்டு கீபோர்டுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் ஹாட்ஸ்வாப் உள்ளதை எடுங்கள். பற்றவைக்காமல் சுவிட்சைப் பிடுங்கி வேறு பொருத்தலாம் என்பதுதான் அதன் பொருள். ஜப்பானின் டோப்ரே நிறுவனம் தன் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டுகள் சிலவற்றில் சுண்டுவிரல் படும் விசைகளுக்கு 30 கிராம், மற்றவற்றுக்குக் கூடுதல் என்று எடையைப் பிரித்தே வைத்தது. அதே வேலையை நாமே மலிவாகச் செய்துகொள்ளலாம். சுவிட்சுகளைப் பத்துப் பத்தாகக் கட்டியும் விற்கிறார்கள். 35 கிராம் அளவில் ஒரு கட்டு வாங்கி ந, ய, ச, ஞ, ண, ழ விசைகளில் மட்டும் மாற்றிப் பொருத்துங்கள். என்டர், பேக்ஸ்பேஸ் போன்ற நீள விசைகளில் போடவேண்டாம். மெல்லிய வில்லுக்கு அவற்றைத் தூக்கி நிறுத்தும் பலம் பத்தாமல் போகலாம். மீதியுள்ள நான்கும் பழுதானால் மாற்ற இருக்கட்டும்.